நிமிர்த்தி வைத்த அந்தோனியார்

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த அதெமார், தொப்பியை ஆணியில் மாட்டப் போன கையை அப்படியே நிறுத்திக்கொண்டான். நடையில் இருந்த மாடத்தில் அந்தோனியார் நேராக நின்றுகொண்டிருந்தார்.

நாலு வருஷமாக அவர் தலைகீழாகத்தான் நின்றார். போசோ நோவோ ஊரில் பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப் போகிற வீடுகளில் தாய்மார்கள் அவரைப் படுத்துகிற பாடு அது. கையில் ஏந்தியிருக்கும் குழந்தை இயேசுவைக் கழற்றி எங்கேயாவது ஒளித்துவிட்டு, சிலையைத் தலைகுப்புற ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் நட்டு வைத்துவிடுவார்கள். வரன் வந்தால் குழந்தை கைக்கு வரும், காலும் தரையில் படும். அதுவரை இப்படியே கிட என்று. அதெமாரின் அம்மா ஜோவினா குழந்தையைக் காப்பித்தூள் டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள். இப்போது அது திரும்பி வந்திருந்தது, முகமெல்லாம் காப்பி நிறம் ஏறி, கண் எது வாய் எது என்று தெரியாமல். அந்தோனியாரின் கழுத்துக்குக் கீழே தம்ளரின் விளிம்பு அழுத்திய தடம், கயிறு கட்டி அவிழ்த்தது போல வெளுத்துத் தெரிந்தது.

அடுக்களையிலிருந்து பீன்ஸ் கொதிக்கும் சத்தமும், விறகுப் புகையும், பூண்டு வதங்கும் வாசமும் நடை வரைக்கும் வந்தன. அதில் ஏதோ ஒன்று குறைந்தது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவன் மூக்குக்குப் பழகிய ஏதோ ஒன்று. என்னவென்று பிடிபடாமல் அவன் வாசலிலேயே நின்றான்.

“கை கழுவிட்டு வா கண்ணு,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “கொத்தமல்லி போடலை. இப்பலேருந்தே பழகிக்கணும்ல. அவளுக்குத்தான் ஆகாதே.”

அவள் என்றால் லெனிரா. அவனுக்கு நிச்சயமானவள் என்று ஊரே நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கும் பெண். கிராட்டோ நகரத்தில் தையல் வேலை பார்ப்பவள், நோயாளித் தகப்பனை விட்டு வர முடியாதவள், மாதம் ஒரு கடிதம் எழுதுகிறவள். அந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் எழுதியவன் அதெமார்தான். இடது கையால், ஊதா மையில், இடப்பக்கம் சாயும் எழுத்தில். லெனிரா என்று உலகத்தில் ஒருத்தியும் கிடையாது.

சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு உறை வைக்கப்பட்டிருந்தது. ஊதா மை. இடப்பக்கம் சாயும் எழுத்து. கிராட்டோ தபால் முத்திரை.

அதெமார் அந்த ஊர்த் தபால் அலுவலகத்தின் குமாஸ்தா. ஊருக்குள் வரும் ஒவ்வொரு கடிதமும் காலை எட்டு மணிக்கு அவன் கையால் தெரு வாரியாகப் பிரிக்கப்பட்டுத்தான் வீடுகளுக்குப் போகும். இந்தக் கடிதம் அவன் கைக்கு வரவே இல்லை. அவன் எழுதவும் இல்லை.

உள்ளே நாலே வரி. அப்பா போய்விட்டார். இனி எனக்கு இங்கே யாரும் இல்லை. பன்னிரண்டாம் தேதி மாலை பஸ்ஸில் வருகிறேன். அத்தைக்கு என் முத்தங்கள்.

“படிச்சியா?” என்று அம்மா கேட்டாள். அவள் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அவன் தலையாட்டினான். கொத்தமல்லி இல்லாத பீன்ஸ் வாயில் மண்ணாக இறங்கியது.

*

முப்பது வயதுக்கு மேல் ஒருவன் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தால் போசோ நோவோவில் அதற்கு இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, குருமடத்தில் சேர்ந்து சாமியாராகப் போகிறான். இன்னொன்றை வாயால் சொல்லாமல், மணிக்கட்டை மடக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். அதெமாரின் தங்கை கிரேய்சாவின் புருஷன் எராஸ்மோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இறைச்சி சுடும்போது, மச்சான் இந்த வருஷமாவது ஆகுமா, இல்லை குழாயில் ரிப்பேரா என்று கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அதெமாரும் சிரிப்பான். கோவிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஒருவனை முன்பொரு திருவிழா அன்று நாலு பேர் சந்தைப் பக்கமாகக் கூட்டிப்போனார்கள். தாடை உடைந்து அவன் ஊரைவிட்டுப் போனபோது, அவன் வீட்டுக்காரர்களே பஸ் நிலையத்துக்கு வரவில்லை. அப்போது அதெமாருக்கு இருபது வயது. பஸ்ஸின் பின்கண்ணாடியில் அந்த மனிதனின் தாடையைச் சுற்றிப் போட்ட கட்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால்தான் லெனிரா பிறந்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் அவன். பொய்யில் முரண் வந்துவிடக் கூடாது என்று ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் தேதி போட்டு அதில் எழுதி வைத்தான். இல்லாததை இட்டுக்கட்டினால் மறந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் ஒடிலோனிடமிருந்து எடுத்தான். ஒடிலோன் கிராட்டோவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஏழு வருஷமாக அதெமார் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் வருவது அவனைப் பார்க்கத்தான்.

லெனிராவுக்கு இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை, தையல் மெஷின் வாரில் மாட்டிப் போனது என்று எழுதினான். ஒடிலோனுக்கு அது லாரி விசிறியில் போனது. வலது காதுக்குப் பின்னால் மச்சம். கொத்தமல்லி வாயில் பட்டாலே துப்பிவிடுவாள். வேலை செய்யும்போது பல்லுக்கு நடுவே காற்றை விட்டு விசில் அடிப்பாள். சிரித்தால் சிரிப்பு இருமலில் போய் முடியும். நாலு வருஷத்தில் நோட்டு நிரம்பியது. ஒடிலோனிடம் படித்துக் காட்டியபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அடப்பாவி, எனக்கே பாவாடை கட்டி உங்கம்மாகிட்ட அனுப்பிட்டியா. இடுப்பளவாவது சரியாச் சொன்னியா?” பிறகு இருமினான். இருமி முடித்துவிட்டு, சிரிப்பு போன முகத்தோடு, என்றாவது ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடு என்றான். அதை மட்டும் அவன் வருஷா வருஷம் சொல்லுவான்.

*

அந்தச் சனிக்கிழமை ஒடிலோனின் கடையில் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. சூடான ஈயமும் பிசினும் கலந்த வாசம். கடிதம் அவன் செய்த கேலி வேலை என்றுதான் அதெமார் கோபத்தோடு வந்திருந்தான். ஒடிலோன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.

“நான் எழுதலைடா. இப்படி எழுத வந்தா நான் எதுக்கு இங்கே ஈயம் உருக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்?” என்று சிரித்தான். “சரி, உன் பொண்டாட்டி வந்தா என்னை எங்கே வெச்சுக்குவே? கோழிக்கூட்டிலயா?”

சிரிப்பு சிரிப்பாகவே முடிந்தது. அதெமார் இருமலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

போன தடவையும் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதோ குறைகிறது என்று அன்றே தோன்றி, என்னவென்று தெரியாமல் பஸ் ஏறியிருந்தான்.

பிறகு அவன் கண் கடிதத்தைப் பிடித்திருந்த கையின் மேல் போனது. இடது கை. ஐந்து விரல். சுண்டுவிரல் முழுசாக, நகத்தோடு, நகத்தில் கறுப்பு அழுக்கோடு, அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது போல இருந்தது.

அவன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டான். சூடாக இருந்தது. மடக்கினால் மடங்கியது.

“லாரி விசிறி,” என்றான் அதெமார்.

“எந்த லாரி?” என்றான் ஒடிலோன்.

பதினேழு வயதில் நடந்தது. ரத்தத்தைப் பார்த்து லாரிக்காரன் மயங்கி விழுந்தது. துண்டான விரலை நாய் கவ்விக்கொண்டு ஓடியது. நூறு தடவை அவனே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. அதெமார் அதை அவனுக்கே சொன்னான். ஒடிலோன் மரியாதைக்குக் கேட்பவன் போலக் கேட்டான்.

சந்தையில் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். மேலே பச்சையாகத் தூவியிருந்த கொத்தமல்லியை ஒடிலோன் காம்போடு எடுத்து மென்றான். அறைக்குத் திரும்பி, உச்சி வெயில் உள்ளே வராமல் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தபோது, ஏழு வருஷப் பழக்கத்தில் அதெமாரின் விரல் அவன் காதுக்குப் பின்னால் போனது. வழவழப்பான தோல். அவன் மறு காதுக்குப் பின்னாலும் தடவிப் பார்த்தான். எழுந்து சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தான். ஒன்றும் இல்லை.

“எதையோ எங்கேயோ வெச்சுட்டு வந்த மாதிரி இருக்குடா ரெண்டு மாசமா,” என்றான் ஒடிலோன், கூரையைப் பார்த்தபடி. “என்னன்னுதான் தெரியலை. விசில் அடிக்க வர மாட்டேங்குது. அம்மா முகம் வர மாட்டேங்குது.” பிறகு அதெமார் பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னான்: “பயமா இருக்கு.”

அதெமார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றான். லெனிரா பொய், நீதான் நிஜம் என்று. சொல்லிவிட்டால் இது நின்றுவிடும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது என்று தெரியாது. ஆனால் உறுதியாகத் தோன்றியது.

பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஆண்கள் இருவர் என்ன செய்யலாமோ அதை மட்டும் செய்தார்கள். கை குலுக்கினார்கள். கை விலகும் முன்னால் ஒடிலோன் மூன்று முறை அழுத்தினான். இருக்கேன் என்று அர்த்தம். சினிமாவில், பஸ் நெரிசலில், கோவில் கூட்டத்தில் ஏழு வருஷமாக அவர்களுக்குள் ஓடும் தந்தி அது. அதை மட்டும் அதெமார் நோட்டில் எழுதியதில்லை. எழுதத் தோன்றியதில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆள். கிரேய்சா இரட்டைக் கட்டில் விரிப்பு பின்னிக்கொண்டு வந்திருந்தாள். அதெமாரின் ஒற்றைக் கட்டிலை வெளியே எடுத்து, செத்துப்போன அப்பாவின் பெரிய கட்டிலை அவன் அறையில் போட்டிருந்தார்கள். இரண்டு தலையணை. எராஸ்மோ தோளைத் தட்டி, கட்டில் கிறீச்சிடுதான்னு ஆட்டிப் பார்த்துட்டேன் மச்சான், தாங்கும் என்றான். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது. அவன் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அம்மாவுக்குத் தலைவலி. கண்ணுக்கு மேல் உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்துத் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. அவன் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான். ஊர் முழுக்கச் சாப்பிட்டுக் கண் அசரும் நேரம். தெருவில் வெயில் மட்டும் நடமாடியது. எல்லா வீட்டுச் சன்னலும் சாத்தியிருந்தது. கொல்லைப்புறத்தில் அம்மா முக்காலியில் உட்கார்ந்து, திருவிழாக் களிக்காகப் பச்சைச் சோளத்தை உரித்துக்கொண்டிருந்தாள். தோகை கிழியும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. சோளப் பாலின் இனிப்பு வாசம், கோழி எச்சத்தின் வாசம், எங்கோ மெழுகுவர்த்தி அணைத்த வாசம்.

அவன் தரையில் உட்கார்ந்தான். தோகைகளைப் பார்த்தபடியே சொன்னான்.

“அம்மா. லெனிரான்னு ஒருத்தி கிடையாது.”

தோகை கிழியும் சத்தம் நிற்கவில்லை.

“தெரியும்டா,” என்றாள் ஜோவினா.

ஒரு கதிரை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“முதல் கடுதாசிலயே தெரியும். இடது கையால எழுதினா பெத்தவளுக்குத் தெரியாதா? ரெண்டாங் கிளாஸ்ல நீ இடது கையால எழுதினேன்னு டீச்சர் கையைக் கட்டிப் போட்டாளே, அவிழ்த்துவிட்டு வந்தது யாரு?” அவள் குரலில் கோபம் இல்லை. “அந்த ரேடியோக்காரனும் தெரியும். உன் நோட்டும் தெரியும். மெத்தைக்கு அடியிலே வெச்சா, மெத்தையை வெயில்ல போடறவ நான்தானே.”

அதெமார் ஒரு தோகையை எடுத்து நார் நாராகக் கிழித்தான்.

“நாலு வருஷமா அவரைத் தலைகீழா நிறுத்தி வெச்சும் ஒண்ணும் ஆகலை. அப்புறந்தான் புரிஞ்சுது, நான் தப்பாக் கேட்டுக்கிட்டிருக்கேன்னு. எங்கேயோ இருந்து ஒரு பொண்ணு கொண்டா, கொண்டான்னா அவரு எங்கே போவாரு. உனக்கு யாரைப் பிடிக்கும்னுதான் நோட்டிலே எழுதி வெச்சிருக்கியே. அதனால மாத்திக் கேட்டேன். இருக்கிறதையே சரி பண்ணிக் குடுன்னேன்.” சோள மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். “பதிமூணு செவ்வாய்க்கிழமை. மெழுகுவர்த்தி கொளுத்தி, நோட்டை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். வாரத்துக்கு ரெண்டு பக்கம், மூணு பக்கம். ஒரு வரி விடலை.”

“இன்னைக்குச் செவ்வாய்,” என்றான் அவன்.

“இன்னைக்குக் காலையிலே முடிஞ்சுது. கடைசிப் பக்கம்.”

அப்போது அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு பிரியத்தை அந்த முகத்தில் அவன் அதுவரை பார்த்ததில்லை. “அவனை நான் ஒண்ணும் பண்ணலைடா. அவன் உன்னை விட்டுப் போகக் கூடாதுன்னுதான் கேட்டேன். கூடவே இருக்கட்டும். ஊரு வாயை மூடற மாதிரி இருக்கட்டும். நான் போனப்புறம் உன்னை யாரும் சந்தைப் பக்கம் கூட்டிட்டுப் போயிடக் கூடாது.”

அவன் எழுந்து உள்ளே ஓடினான். மாடத்திலிருந்து அந்தோனியாரை இரண்டு கையாலும் எடுத்தான். உடம்பு சூடாக இருந்தது, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருந்ததால் இருக்கலாம். தலைகீழாகக் கவிழ்க்கப் போனான். அம்மா நடைவாசலில் வந்து நின்றாள். தடுக்கவில்லை.

“திருப்பினா என்ன ஆகும்னு நினைக்கிறே? வந்தது போயிடும். போனது வருமா?”

ஒடிலோனின் விரல், மச்சம், இருமல், அவன் அம்மாவின் முகம். எல்லாம் இப்போது ஒரே இடத்தில்தான் இருந்தன. கவிழ்த்தால் கொட்டிவிடுமோ, திரும்பிவிடுமோ. அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது.

அவன் அவரை நேராகவே திரும்ப வைத்தான்.

*

தொலைபேசி நிலையத்தின் மரக்கூண்டுக்குள் புழுக்கமாக இருந்தது. கிராட்டோ எண் நெடுநேரம் அடித்தது.

“ரேடியோ கடை.” ஒடிலோனின் குரல்தான். ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி.

“நான்தான்.”

“யாருங்க?”

“அதெமார். கடையைப் பூட்டிட்டு எங்கேயாவது போயிடு. கேக்குதா? இப்பவே கிளம்பு.”

“கிளம்பத்தாங்க போறோம்,” என்றது குரல். “எல்லாம் கட்டி வெச்சாச்சு. வியாழக்கிழமை பஸ்ஸு. இங்கே இனிமே யாரும்…”

பாதியில் நின்றது. கம்பியில் காற்று இரைந்தது. பிறகு, வெகு தூரத்திலிருந்து, பல்லுக்கு நடுவே காற்றை விட்டு அடிக்கிற விசில். விசில் நின்றது. ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

புதன்கிழமை வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தான். கடைக் கதவு திறந்து கிடந்தது. அலமாரி இல்லை, விசிறி இல்லை, பலகை இல்லை. சுவரில் ஈயப் புகையின் கறை கூட இல்லை. தரையில் நூல் துண்டுகள் கிடந்தன, பச்சை நிறத்தில். ஒரு குண்டூசி அவன் செருப்பைத் துளைத்தது. பக்கத்தில் சாவி போடும் கிழவர் ஏழு வருஷமாக அவனுக்கு வணக்கம் சொல்பவர். இப்போதும் சொன்னார்.

“ரேடியோக்காரனா? இங்கே ஒரு தையக்காரப் பொண்ணுல்ல இருந்துச்சு. உன்னைத்தான் கட்டிக்கப் போகுதுன்னு சொல்லிச்சே தம்பி. நல்ல பொண்ணு. சிரிச்சா இருமும்.”

*

பன்னிரண்டாம் தேதி அந்தோனியார் திருநாளின் முந்தின மாலை. வாசலுக்கு வாசல் விறகை அடுக்கி நெருப்பு மூட்டியிருந்தார்கள். புகை தெருவில் ஆள் உயரத்துக்கு மிதந்தது. சுட்ட சோளம், வெடிமருந்து, கொதிக்கும் தேங்காய்ப்பால். அக்கார்டியன் எங்கோ ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. பஸ் ஐந்தரை மணிக்கு வந்தது.

தெருவே நின்றது பார்க்க. அதெமாரை முன்னால் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் ஒரு பெட்டி இறங்கியது. பிறகு பச்சைக் கவுன். பன்னிரண்டாவது கடிதத்தில் அவன் எழுதிய பச்சை. அவள் பெட்டியின் வாரை இறுக்கக் குனிந்தாள். பல்லுக்கு நடுவே விசில் அடித்தாள். கூந்தல் விலகிய இடத்தில், வலது காதுக்குப் பின்னால், மச்சம். அவள் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அழகாக இருந்தாள். அவன் எழுதியது அத்தனையும் இருந்தது. எழுதாத எதுவும் இல்லை. அந்தக் கண்களுக்கு நிறம் என்ன என்று பக்கத்தில் நின்றும் அவனால் சொல்ல முடியவில்லை.

எராஸ்மோ அவன் காதில் சொன்னான்: “மன்னிச்சுக்க மச்சான். நீ கட்டிவிட்ட கதைன்னே நினைச்சேன் நான்.”

விருந்துக்கு நடையிலேயே நீள மேசை போட்டிருந்தார்கள். அவளை அதெமாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் அம்மாவை அத்தை என்றாள், கிரேய்சாவின் பின்னலை விரலால் தடவி நல்ல தையல் என்றாள், பீன்ஸை முகர்ந்துவிட்டு, கொத்தமல்லி போடாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட நான் கொடுத்து வைத்தவள் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இருமினாள். கிரேய்சா முதுகைத் தட்டிவிட்டாள்.

பிசின் வாசம் வந்தது. மிக லேசாக. சூடான ஈயத்தின் வாசம்.

மேசைக்கு அடியில் ஒரு கை அவன் கையைத் தேடி வந்தது.

பிடித்தது. பாதிச் சுண்டுவிரல் அவன் உள்ளங்கையில் மொட்டையாக உரசியது.

அழுத்தியது. மூன்று முறை.

அவன் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அது அந்தப் பக்கம் திரும்பி, கிரேய்சாவிடம் தையல் மெஷின் வாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. விரல் போன கதை. ரத்தத்தைப் பார்த்து யாரோ மயங்கி விழுந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. கையில் நடப்பது அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

மறுபடி மூன்று முறை. நோட்டில் இல்லாதது. எந்தப் பக்கத்திலும் இல்லாதது. யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டாதது.

அதெமார் எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்தது. பேச்சு அடங்கியது. இருபது முகங்கள் அவனைப் பார்த்தன. எராஸ்மோ கோப்பையைத் தூக்கிப் பிடித்தான். கீழே அந்தக் கை அவன் கையை விடாமல் தொங்கியது.

“என்ன கண்ணு?” என்றாள் அம்மா.

வாய் திறந்திருந்தது. வெளியே ஒரு வெடி வெடித்தது. சந்தைப் பக்கம்.

“ஒண்ணுமில்லைம்மா,” என்றான். உட்கார்ந்தான்.

கை தட்டினார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். ஜோவினா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கையில் கண்ணாடித் தம்ளர், இன்னொரு கையில் காப்பித்தூள் டப்பா. எல்லோரும் பார்க்க மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். அந்தோனியாரின் கையிலிருந்து குழந்தையைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டாள். மூடியை இறுக்கினாள். அவரைத் தலைகீழாகத் தம்ளருக்குள் இறக்கினாள்.

“அடுத்தது பேரப்பிள்ளை,” என்றாள். மேசையே குலுங்கச் சிரித்தது.

அந்தோனியாரின் இரண்டு பாதங்கள் மேலே. நெருப்பு வெளிச்சம் அவற்றில் ஆடியது.

பக்கத்தில் சிரிப்பு. இருமல்.

மேசைக்கு அடியில் கை.

மூன்று முறை. நிறுத்தம்.

மூன்று முறை.

இப்போது நிறுத்தமே இல்லை.